21 நாள் குண்டு: ஃபின்லாந்து படையையும் பேச்சையும் கையாண்ட கதை

1939 நவம்பர் 4. மாஸ்கோவில் கிரெம்ளின் மாளிகை. மேஜைமேல் ஃபின்லாந்தின் தென்கரை வரைபடம் விரிந்து கிடக்கிறது. ஒரு பக்கம் ஸ்டாலினும் வெளியுறவு அமைச்சர் மொலோட்டோவும். எதிரே ஃபின்லாந்தின் தூதுக் குழு: 68 வயது யூஹோ பாசிகிவி, 58 வயது வைனோ டான்னர். சோவியத் தரப்பு கேட்டது ஹாங்கோ துறைமுகம். குழுவோ தர மறுத்துக்கொண்டே இருந்தது. ஹாங்கோவுக்குக் கிழக்கே மூன்று சின்னத் தீவுகளைச் சுற்றி வரைபடத்தில் சிவப்புக் கோடு போட்டிருந்தது. ஸ்டாலின் அதைக் காட்டி, இந்தத் தீவுகள் உங்களுக்குத் தேவையா என்று கேட்டார்.

பதில் சொல்ல இருவருக்கும் அதிகாரம் இல்லை. ஹெல்சிங்கிக்குத் தந்தி போனது. ஹாங்கோவும் கிடையாது, பக்கத்துத் தீவுகளும் கிடையாது என்று பதில் வந்தது. நவம்பர் 9-ல் கடைசிச் சந்திப்பு சுமுகமாகவே முடிந்தது. கை குலுக்கிப் பிரிந்தார்கள். 3 வாரம் கழித்து ஹெல்சிங்கி மேல் குண்டு விழுந்தது.

தேசியப் பாதுகாப்பு வியூகங்களை ஒப்பிட்டுப் படிக்கிறவர்கள் வழக்கமாக வல்லரசுகளிலிருந்துதான் தொடங்குவார்கள். நான் இந்த மேஜையிலிருந்து தொடங்குகிறேன். வல்லரசு தப்புக் கணக்குப் போட்டால் திருத்திக்கொள்ள அவகாசம் கிடைக்கும், சின்ன நாட்டுக்கு அது கிடைக்காது. படையும் பேச்சும் ஒன்றுக்கொன்று முட்டுக்கொடுக்கிறதா, ஒன்றை ஒன்று காலை வாருகிறதா என்பது சின்ன நாட்டில்தான் பளிச்சென்று தெரியும். ஃபின்லாந்து 84 ஆண்டுகளில் இந்த இரண்டையும் ஏறக்குறைய எல்லா விகிதத்திலும் கலந்து பார்த்த நாடு. பக்கத்திலேயே எஸ்தோனியாவும் ஸ்வீடனும் வேறு விகிதத்தில் கலந்தன. ஒப்பிட இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

சோவியத் கோரிக்கை என்ன?

1939 ஆகஸ்ட் 23-ல் ஜெர்மனியும் சோவியத் யூனியனும் போட்ட ஒப்பந்தத்தில் ஒரு ரகசியப் பின்னிணைப்பு இருந்தது. ஃபின்லாந்து, எஸ்தோனியா, லாத்வியா ஆகியவை சோவியத் செல்வாக்கு எல்லைக்குள் வரும் என்று அது சொன்னது. ஹெல்சிங்கிக்கு அதன் விவரம் தெரியாது. அக்டோபர் 5-ல் மொலோட்டோவிடமிருந்து பேச்சுக்கு அழைப்பு வந்தது.

ஸ்டாலினின் வாதத்தை வெறும் சாக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. கடலுக்கும் லடோகா ஏரிக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் கரேலிய நிலஇடுக்கில், ஃபின்லாந்து எல்லை லெனின்கிராடிலிருந்து (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) சுமார் 32 கிலோமீட்டர்தான். ஃபின்லாந்தின் மொத்த மக்கள்தொகை 37 லட்சம். லெனின்கிராட் என்ற ஒரே நகரத்தில் 30 லட்சத்துக்கு மேல். நகரத்தை நகர்த்த முடியாது, அதனால் எல்லையை நகர்த்துவோம் என்றார் அவர். நிலஇடுக்கில் எல்லையைப் பின்னுக்குத் தள்ள வேண்டும், அங்கிருக்கும் அரண்களை இடிக்க வேண்டும், ஃபின்லாந்து வளைகுடாவில் சில தீவுகளைத் தர வேண்டும், ஹாங்கோவைக் கடற்படைத் தளத்துக்காக 30 ஆண்டு குத்தகைக்கு விட வேண்டும். கேட்ட நிலம் சுமார் 2,700 சதுர கிலோமீட்டர். ஈடாகக் கிழக்குக் கரேலியாவில் அதைப் போல இரண்டு மடங்கு காட்டு நிலம் தருவதாகச் சொன்னார்கள்.

பரப்பளவை மட்டும் பார்த்தால் ஃபின்லாந்துக்கு லாபம் போலத் தோன்றும். ஆனால் கேட்ட இடத்தில் அரண்கள் இருந்தன, தருவதாகச் சொன்ன இடத்தில் மரங்கள்தான் இருந்தன. ஹாங்கோவில் சோவியத் படை இறங்கிவிட்டால் தலைநகருக்கு மேற்கே அந்நியத் தளம் வந்துவிடும்.

எஸ்தோனியா எடுத்த முடிவு

அதே சமயம் வளைகுடாவுக்குத் தெற்கே நடந்ததைப் பார்ப்போம். செப்டம்பர் 18-ல் தால்லின் துறைமுகத்தில் தடுத்து வைத்திருந்த ஒரு போலந்து நீர்மூழ்கிக் கப்பல் தப்பித்துப் போய்விட்டது. அதையே காரணமாக வைத்து மாஸ்கோ எஸ்தோனியாவை நெருக்கியது. செப்டம்பர் 28-ல் எஸ்தோனியா பரஸ்பர உதவி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, 25,000 சோவியத் வீரர்களை உள்ளே விட்டது. எஸ்தோனியாவின் சமாதானகாலப் படையே அத்தனை பேர் கிடையாது. அக்டோபர் 5-ல் லாத்வியா, 10-ல் லித்துவேனியா என்று வரிசையாகக் கையெழுத்திட்டன.

எஸ்தோனியத் தலைவர்களைக் கோழைகள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாடு சிறியது, நிலம் சமதளம், எல்லையில் பெரும்படை குவிந்து நிற்கிறது, கைகொடுக்க யாரும் இல்லை. இப்போதைக்கு உயிரைக் காப்பாற்றிக்கொள்வோம், உலகப்போர் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று அப்புறம் பார்ப்போம் என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கணக்குக்கு 9 மாதம்தான் ஆயுள். 1940 ஜூனில் முழு ஆக்கிரமிப்பு, ஆகஸ்டில் இணைப்பு. படைத்தலைவர் லைடோனர் 1953-ல் சோவியத் சிறையில் இறந்தார். அதிபர் பேட்ஸ் 1956-ல் சோவியத் மனநல மருத்துவமனையில் இறந்தார்.

இந்த ஒப்பீட்டை வைத்துக்கொண்டு பலரும், எதிர்த்து நின்ற ஃபின்லாந்து தப்பியது, பணிந்துபோன எஸ்தோனியா அழிந்தது என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. எஸ்தோனியாவிடம் மறுத்து நிற்பதற்கான பலம் இல்லை. ஃபின்லாந்திடம் காடு இருந்தது, ஏரிகள் இருந்தன, குளிர் இருந்தது, கட்டாய ராணுவ சேவையில் தேறிய ஆட்கள் இருந்தார்கள். அப்படியிருந்தும் அது ஒரு பெரிய தவறு செய்தது. இந்த ஆய்வின் மையம் அந்தத் தவறுதான்.

தளபதி விட்டுக்கொடுக்கச் சொன்னார், அமைச்சர் மறுத்தார்

பேச்சுவார்த்தையில் யார் இறங்கி வருவார், யார் விறைப்பாக நிற்பார்? தூதர்கள் இறங்குவார்கள், ராணுவம் விறைக்கும் என்றுதான் நாம் நினைப்போம். 1939 ஹெல்சிங்கியில் அது தலைகீழாக நடந்தது.

மார்ஷல் மான்னர்ஹைம் 1931 முதல் பாதுகாப்புக் குழுவின் தலைவர். ரஷ்யப் பேரரசின் படையில் 30 ஆண்டு இருந்தவர், எதிராளியின் அளவு தெரிந்தவர். கொஞ்சம் விட்டுக்கொடுங்கள், போரைத் தவிருங்கள் என்று அரசிடம் திரும்பத் திரும்பச் சொன்னவர் அவர்தான். காரணம், கிடங்கில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். இலகு பீரங்கிகளுக்கான குண்டு 21 நாளைக்கு. கனரகப் பீரங்கிகளுக்கு 19 நாளைக்கு. துப்பாக்கித் தோட்டா 2 மாதத்துக்கு. விமான எரிபொருள் 1 மாதத்துக்கு. இந்தக் கணக்கைப் பிற்பாடு தன் நினைவுக்குறிப்பில் அவரே எழுதி வைத்திருக்கிறார்.

வெளியுறவு அமைச்சர் எல்யாஸ் எர்க்கோவோ, சோவியத் மிரட்டல் வெறும் பாவ்லா என்று நம்பினார். நாம் அசையாமல் நின்றால் அவர்கள் இறங்கி வருவார்கள், ஸ்வீடன் கைவிடாது, உலகம் பார்த்துக்கொண்டிருக்காது என்பது அவர் எண்ணம். பிரதமர் கயாண்டர் ராணுவச் செலவைக் கூட்டத் தயங்கியவர். போர் வந்தபோது பல வீரர்களுக்குச் சீருடை கிடைக்கவில்லை. வீட்டிலிருந்து போட்டுக்கொண்டு வந்த கோட்டின்மேல் ஒரு இடுப்புவார், தொப்பியில் குத்திக்கொள்ள ஒரு சின்னம், இவ்வளவுதான். அந்தக் கோலத்துக்கு வீரர்கள் ‘கயாண்டர் மாடல்’ என்று பெயர் வைத்தார்கள்.

படைக்குப் பணம் ஒதுக்க மறுத்த அதே அரசு, படைபலம் உள்ள அரசைப் போலப் பேரம் பேசியது. இதைத்தான் தவறு என்கிறேன். விறைப்பாகப் பேசலாம், அதற்கேற்ற படை வேண்டும். சிறிய படையோடும் இருக்கலாம், அதற்கேற்ற பேச்சு வேண்டும். வெளியுறவுத் துறை ஒரு கணக்கிலும் ஆயுதக் கிடங்கு இன்னொரு கணக்கிலும் இருந்தால், இரண்டுக்கும் நடுவிலுள்ள பள்ளத்தில் விழுவது சீருடை இல்லாமல் கோட்டோடு நிற்கிற அந்தப் பையன்தான்.

ஸ்டாலின் அதோடு நிறுத்தியிருப்பாரா, ஹாங்கோவைக் கொடுத்திருந்தால் ஃபின்லாந்தும் எஸ்தோனியா வழியில் போயிருக்காதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மொத்தமாகக் கொடுத்திருந்தால் அப்படித்தான் ஆகியிருக்கும் என்று நானும் நினைக்கிறேன். ஆனால் முழுக்கக் கொடுப்பதற்கும் ஒன்றும் கொடுக்காததற்கும் நடுவே இடம் இருந்தது. மூன்று தீவுகளைச் சுற்றிய அந்தச் சிவப்புக் கோடு அதைத்தான் காட்டுகிறது. பாசிகிவியும் மான்னர்ஹைமும் அந்த இடைவெளியைப் பயன்படுத்தப் பார்த்தார்கள். குறைந்தது சில மாதங்களாவது கிடைத்திருக்கும், கிடங்கு கொஞ்சம் நிரம்பியிருக்கும். மனம் வெறுத்த மான்னர்ஹைம் நவம்பர் கடைசியில் ராஜினாமாக் கடிதம் கொடுத்தார். போர் வெடித்ததும் திரும்பப் பெற்றுக்கொண்டு தலைமைத் தளபதி ஆனார்.

105 நாட்கள்

நவம்பர் 26-ல் மைனிலா என்ற எல்லைக் கிராமத்தில் குண்டு வெடித்தது. ஃபின்லாந்துதான் சுட்டது என்றது மாஸ்கோ. 30-ம் தேதி படையெடுப்பு. மறுநாளே எல்லை ஊரான தெரியோக்கியில் மாஸ்கோவில் இருந்த ஃபின்லாந்து கம்யூனிஸ்ட் ஓட்டோ கூசினன் தலைமையில் ஒரு பொம்மை அரசை நிறுவி, இனி இவர்களோடுதான் பேசுவோம் என்று அறிவித்தார்கள். ஹெல்சிங்கி அரசோடு பேசும் கதவு அதோடு அடைபட்டது.

அந்தக் கதவைத் திரும்பத் திறந்தது போர்க்களம். டிசம்பரில் தொல்வயார்வியிலும் ஜனவரியில் ராத்தே சாலையிலும் சோவியத் டிவிஷன்கள் சிதறின. காட்டுச் சாலையில் நீளமாக மாட்டிக்கொண்ட 44-வது டிவிஷனைப் பனிச்சறுக்குக் கட்டையில் வந்த சின்னச் சின்னக் குழுக்கள் துண்டு துண்டாக வெட்டி அடைத்தன. சோவியத் தரப்பில் இந்தப் போரில் திரும்பாதவர்கள் 1,26,000-க்கு மேல் என்று பின்னாளில் ரஷ்ய ராணுவக் கணக்கே சொன்னது.

ஆனால் நான் இங்கே தங்கிப் பார்க்க விரும்புவது ஸ்டாக்ஹோமில் நடந்த வேறொரு காரியத்தை. எர்க்கோ பதவியிலிருந்து போய்விட்டார். புதுப் பிரதமர் ரிஸ்டோ ரூட்டி, வெளியுறவு அமைச்சர் டான்னர். வெற்றிச் செய்திகள் வந்துகொண்டிருந்த அதே ஜனவரியில் ஹெல்லா வூலியோக்கி என்ற நாடக ஆசிரியை ஸ்டாக்ஹோம் போனார். இடதுசாரி. அங்கே சோவியத் தூதராக இருந்த அலெக்ஸாண்ட்ரா கொலோண்டாய்க்குப் பழக்கமானவர். இரண்டு பெண்களும் பேசினார்கள். ஜனவரி 29-ல் மாஸ்கோவிலிருந்து வந்த பதிலில், ரூட்டி–டான்னர் அரசோடு பேசத் தயார் என்று இருந்தது. கூசினன் அரசு அன்றே செத்துவிட்டது என்றுதான் அதற்கு அர்த்தம்.

வெற்றி கையில் இருக்கும்போதே ஆள் அனுப்பியதுதான் இதில் விஷயம். ஜெயித்துக்கொண்டிருக்கும்போது எதற்குப் பேச வேண்டும் என்று கேட்க எந்த நாட்டிலும் ஆட்கள் இருப்பார்கள். மான்னர்ஹைம் அந்த வெற்றிகளின் ஆயுளைச் சரியாக அளந்திருந்தார். பிப்ரவரி 11-ல் சும்மா என்ற இடத்தில் அரண்வரிசை உடைந்தது. பிரிட்டனும் பிரான்சும் படை அனுப்புவதாகச் சொல்லிக்கொண்டே இருந்தன. அந்தப் படை நார்வே, ஸ்வீடன் வழியாக வர வேண்டும். ஸ்வீடன் வழிவிட மறுத்தது. வராத அந்தப் படையைக்கூட ஃபின்லாந்து பேரத்தில் ஒரு காயாக வைத்து ஆடியது. அவர்கள் வந்துவிடுவார்களோ என்ற கவலை ஸ்டாலினுக்கும் இருந்தது.

1940 மார்ச் 12-ல் மாஸ்கோவில் கையெழுத்து, மறுநாள் காலை 11 மணிக்குப் போர்நிறுத்தம். இழந்தது நாட்டின் பத்தில் ஒரு பங்கு நிலம், வீப்புரி நகரம், ஹாங்கோவின் குத்தகை, சுமார் 25,000 உயிர்கள். 4 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வீடுவாசலை விட்டு வந்தார்கள். இலையுதிர் காலத்தில் மேஜைமேல் கேட்டதைவிட எத்தனையோ மடங்கு அதிகம். சமாதானத்துக்கு ஒப்புதல் தரும் தாளில் கையெழுத்திட்ட அதிபர் கல்லியோ, இதில் கையெழுத்திடும் கை வாடிப்போகட்டும் என்றாராம். சில மாதத்தில் பக்கவாதம் வந்து அவருடைய வலது கை செயலிழந்தது. அந்த வருடம் டிசம்பரில் இறந்துவிட்டார்.

மிஞ்சியது சுதந்திரம். இன்னொன்றும் மிஞ்சியது. 1943 டெஹ்ரான் மாநாட்டில் ரூஸ்வெல்ட்டும் சர்ச்சிலும் ஃபின்லாந்தைப் பற்றிக் கேட்டபோது, இவ்வளவு துணிச்சலாகத் தன் சுதந்திரத்துக்குச் சண்டை போட்ட நாட்டைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டியதுதான் என்று ஸ்டாலினே சொல்லியிருக்கிறார்.

1944: ஒரு தனிமனிதரின் கையெழுத்து

இழந்ததை மீட்கும் ஆசையில் 1941 ஜூனில் ஃபின்லாந்து ஜெர்மனியோடு சேர்ந்து மறுபடி போருக்குப் போனது. இதை நான் நியாயப்படுத்தப் போவதில்லை. பழைய எல்லையோடு நிற்காமல் கிழக்குக் கரேலியாவுக்குள்ளும் புகுந்தார்கள், அங்கே ரஷ்யப் பொதுமக்களை முகாம்களில் அடைத்தார்கள். ஹிட்லரின் போரில் பங்கெடுத்த கறை அது.

அதிலிருந்து வெளியே வந்த விதம்தான் இந்த ஆய்வுக்குத் தேவை. 1944 ஜூன் 20-ல் வீப்புரி மறுபடி விழுந்தது. அவசரமாக ஆயுதம் வேண்டும். ஜெர்மனியோ, எங்களைக் கேட்காமல் சமாதானம் பேச மாட்டோம் என்று எழுதிக்கொடு என்றது. அப்போது அதிபராக இருந்த ரூட்டி நாடாளுமன்றத்துக்குப் போகாமல் தன் சொந்தப் பெயரில் கடிதம் எழுதிக் கொடுத்தார். டாங்கி எதிர்ப்பு ஆயுதங்கள் வந்தன. தாலி–இஹந்தாலாவில் சோவியத் தாக்குதல் நின்றது. ஸ்டாலினுக்குப் படைகள் பெர்லின் பாதையில் தேவைப்பட்டன. ஆகஸ்ட் தொடக்கத்தில் ரூட்டி ராஜினாமா செய்தார், மான்னர்ஹைம் அதிபரானார். அந்த வாக்கு முன்னாள் அதிபரோடு போய்விட்டது, எங்களைக் கட்டுப்படுத்தாது என்று ஜெர்மானியர்களிடம் சொல்லிவிட்டார்.

செப்டம்பர் 19-ல் போர்நிறுத்த ஒப்பந்தம். மறுபடி 1940 எல்லை, வடக்கே பெட்சாமோ பகுதி பறிபோனது, ஹெல்சிங்கிக்கு அருகே போர்க்கலா 50 ஆண்டுக் குத்தகைக்கு, 30 கோடி டாலர் மதிப்புள்ள சரக்கு இழப்பீடு, நாட்டிலிருக்கும் ஜெர்மன் படையை ஃபின்லாந்தே விரட்ட வேண்டும். ரூட்டியைப் போர்க்குற்றத்துக்காக விசாரித்து 10 ஆண்டு சிறை விதித்தார்கள். நாட்டைக் காப்பாற்றத் தன் பெயரை அடகு வைத்தவர் அதை மீட்கவே இல்லை. ஆனால் சோவியத் படை ஹெல்சிங்கிக்குள் வரவில்லை. ஐரோப்பாவில் போரிட்ட நாடுகளில் அந்நியப் படை கால்வைக்காத தலைநகரங்கள் லண்டன், மாஸ்கோ, ஹெல்சிங்கி ஆகிய மூன்றுதான் என்பார்கள்.

பாசிகிவியின் மேஜை

1946-ல் அதிபரான பாசிகிவிக்கு 1948 பிப்ரவரியில் ஸ்டாலினிடமிருந்து கடிதம் வந்தது. ஹங்கேரியோடும் ருமேனியாவோடும் போட்டதைப் போல ஒரு ஒப்பந்தம் போடுவோமா என்று கேட்டிருந்தார். அதே வாரம் செக்கோஸ்லோவாகியாவில் கம்யூனிஸ்டுகள் ஆட்சியைக் கைப்பற்றினார்கள்.

மறுத்தால் மறுபடி 1939 ஆகிவிடும், அப்படியே ஒத்துக்கொண்டால் எஸ்தோனியா ஆகிவிடும். பாசிகிவி இரண்டையும் செய்யவில்லை. கட்சிகளைக் கேட்க வேண்டும், நாடாளுமன்றத்தைக் கேட்க வேண்டும் என்று நிதானமாக ஒரு மாதம் எடுத்துக்கொண்டார். அப்புறம் ஃபின்லாந்தே எழுதிய வரைவோடு குழு மாஸ்கோ போனது. எல்லாரும் ஆச்சரியப்படும்படி மொலோட்டோவ் அந்த வரைவையே அடிப்படையாக எடுத்துக்கொண்டார். 1948 ஏப்ரல் 6-ல் கையெழுத்தானது.

அந்த ஒப்பந்தத்தின் முதல் பிரிவை நிறுத்திப் படிக்க வேண்டும். ஜெர்மனியோ அதோடு சேர்ந்த நாடோ ஃபின்லாந்தை, அல்லது ஃபின்லாந்து வழியாக சோவியத் யூனியனைத் தாக்கினால் ஃபின்லாந்து சண்டை போடும். எங்கே? தன் எல்லைக்குள் மட்டும். சோவியத் உதவி? தேவைப்பட்டால், அதுவும் இரு தரப்பும் பேசி ஒத்துக்கொண்டால். வல்லரசுகளின் சச்சரவுக்கு வெளியே இருக்க ஃபின்லாந்து விரும்புகிறது என்று முன்னுரையிலேயே எழுதி வாங்கிக்கொண்டார்கள். லெனின்கிராடுக்கு ஆபத்து வராது என்ற உறுதியை மாஸ்கோவுக்குக் கொடுத்துவிட்டு, மற்றதையெல்லாம் தங்களிடம் வைத்துக்கொண்ட வாசகம் இது. பாசிகிவி 1939-ல் செய்ய விரும்பியது இதைத்தான். 9 ஆண்டு தாமதமாக, வீப்புரி இல்லாமல் அது நடந்தது.

இந்த வாசகத்துக்குப் பின்னால் படை நின்றது. 1947 பாரிஸ் உடன்படிக்கை ஃபின்லாந்தின் தரைப்படைக்கு 34,400 பேர், விமானப்படைக்கு 60 விமானங்கள் என்று வரம்பு கட்டியிருந்தது. ஆனால் கட்டாய சேவை தொடர்ந்தது, ரிசர்வ் படை வளர்ந்தது. அதே உடன்படிக்கையிலிருந்த ஏவுகணைத் தடையை, தற்காப்பு ஏவுகணைக்குப் பொருந்தாது என்று 1960-களின் தொடக்கத்தில் பேசியே தளர்த்தினார்கள். போர் விமானம் வாங்குவதில்கூட மாஸ்கோவிடம் மிக்-21, ஸ்வீடனிடம் டிராக்கன், பிரிட்டனிடம் ஹாக் என்று பங்கு பிரித்து வாங்கினார்கள். ஒரு கொள்முதல் ஆர்டரே ராஜதந்திரக் கடிதமாக வேலை செய்தது. இழப்பீட்டுச் சரக்கை 1952-க்குள் கொடுத்து முடித்தார்கள். 1956 ஜனவரியில் போர்க்கலா திரும்பி வந்தது, குத்தகைக் காலத்தில் 38 ஆண்டு பாக்கி இருக்கும்போதே.

1961 அக்டோபர் 30-ல் மாஸ்கோவிலிருந்து குறிப்பு வந்தது. மேற்கு ஜெர்மனி மிரட்டுகிறது, ஒப்பந்தப்படி ராணுவ ஆலோசனை தொடங்குவோம் என்றது. அதிபர் உர்ஹோ கெக்கொனன் அப்போது ஹவாயில் இருந்தார். அலறிப் புடைத்துக்கொண்டு ஓடி வரவில்லை, பயணத்தை முடித்துக்கொண்டே வந்தார். நவம்பர் 24-ல் நோவோசிபிர்ஸ்கில் சோவியத் தலைவர் குருஷ்சேவைச் சந்தித்து, ராணுவ ஆலோசனை என்று ஆரம்பித்தால் ஸ்காண்டிநேவியா முழுக்கப் போர்ப் பதற்றம் பரவும், அது உங்களுக்கே நஷ்டம் என்று பேசி ஒத்திவைக்கச் செய்தார்.

கொடுத்த விலை

இதை வெற்றிக் கதையாக மட்டும் சொன்னால் பொய்யாகிவிடும். அதே நவம்பர் 24-ல், அதிபர் தேர்தலில் கெக்கொனனை எதிர்த்து நின்ற வேட்பாளர் ஹொன்கா போட்டியிலிருந்து விலகினார். 1973-ல் தனிச் சட்டம் போட்டு, தேர்தல் இல்லாமலேயே கெக்கொனனின் பதவிக்காலத்தை 4 ஆண்டு நீட்டித்தார்கள். மாஸ்கோவுக்குப் பிடிக்காததை எழுதப் பத்திரிகைகள் தாமாகவே தயங்கின. போருக்குப் பின் ஐரோப்பாவுக்கு அமெரிக்கா தந்த மார்ஷல் திட்ட உதவியை வேண்டாம் என்றார்கள். எல்லை தாண்டித் தப்பி வந்த சோவியத் மக்களைப் பிடித்துத் திருப்பி அனுப்பினார்கள்.

கடைசியாகச் சொன்னது என்னை மிகவும் உறுத்துகிறது. ஒரு நாட்டின் பாதுகாப்புக்கான விலையை, அந்த நாட்டில் அடைக்கலம் தேடி வந்த ஒருவர் கட்ட நேர்ந்திருக்கிறது. வியூகங்களை ஒப்பிடும் கட்டுரைகளில் இந்தச் செலவு எந்தப் பத்தியிலும் ஏறுவதில்லை. வாசகத்தில் விட்டுக்கொடுக்காத நாடு, பழக்கத்தில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுத்தது. பேச்சு நீடிக்க நீடிக்க, எதிராளி கேட்பதற்கு முன்பே அவர் என்ன கேட்பார் என்று யோசித்து நடந்துகொள்ளும் பழக்கம் வந்துவிடுகிறது. பாசிகிவியின் வழிக்குள்ளேயே இருந்த நோய் இது.

ஆனாலும் 1975 ஆகஸ்ட் 1-ல் ஹெல்சிங்கியில் 35 நாடுகள் ஐரோப்பியப் பாதுகாப்பு மாநாட்டின் இறுதி ஆவணத்தில் கையெழுத்திட்டன. பனிப்போரின் இரண்டு பக்கமும் வந்து உட்காரச் சம்மதித்த இடம் அது.

ஸ்வீடன்: அதே நடுநிலை, வேறு கிடங்கு

ஸ்வீடனும் நடுநிலை நாடுதான். பனிப்போரில் அது பலத்த படையை வைத்திருந்தது. 1950-களில் அதன் விமானப்படை உலகின் முன்னணி வரிசையில் இருந்தது. வெளியே நடுநிலை, உள்ளே மேற்கு நாடுகளோடு ரகசிய ஏற்பாடு. சோவியத் எல்லை தன் வாசலில் இல்லாததால் ஃபின்லாந்தைப் போலச் சொல்லுக்குச் சொல் அளக்க வேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை.

வித்தியாசம் 1991-க்குப் பிறகு தெரிந்தது. சோவியத் யூனியன் போய்விட்டது, இனி ஆபத்து இல்லை என்று ஸ்வீடன் முடிவு கட்டியது. பால்டிக் கடலிலுள்ள கோட்லாந்து தீவிலிருந்து நிரந்தரப் படையை 2005-ல் எடுத்தது. கட்டாய சேவையை 2010-ல் நிறுத்தியது. 2013 பிறக்கும் தறுவாயில் ஸ்வீடனின் தலைமைத் தளபதியே ஒரு பேட்டியில், ஓரிடத்தில் தாக்குதல் வந்தால் ஒரு வாரம் தாக்குப்பிடிப்போம் என்றார். 2013 மார்ச்சில், புனித வெள்ளி இரவில் ரஷ்யக் குண்டுவீச்சு விமானங்கள் ஸ்வீடனை நோக்கித் தாக்குதல் ஒத்திகை நடத்தின. எதிர்கொள்ள ஒரு ஸ்வீடன் விமானம்கூட எழும்பவில்லை. நேட்டோ பணியிலிருந்த டென்மார்க் விமானங்கள்தான் எழும்பின. கட்டாய சேவையைத் திரும்பக் கொண்டுவர 2017-ல் முடிவெடுத்தார்கள்.

ஃபின்லாந்து அந்தத் தளர்வில் இறங்கவே இல்லை. 1990-ல் பாரிஸ் உடன்படிக்கையின் ராணுவ வரம்புகள் இனி செல்லாது என்று தானே அறிவித்தது. 1992-ல் 64 ஹார்னெட் விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது, அதே ஆண்டு 1948 ஒப்பந்தமும் முடிவுக்கு வந்தது. 1995-ல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது. போர்க்காலத்தில் 2,80,000 பேரைத் திரட்டும் ஏற்பாடு, சுமார் 9 லட்சம் பேர் கொண்ட ரிசர்வ், 48 லட்சம் பேருக்கு இடமுள்ள சுமார் 50,500 நிலவறைகள். 55 லட்சம் பேர் வாழும் நாட்டுக்கு இது. ஹெல்சிங்கியின் பெரிய நிலவறைகள் சாதாரண நாட்களில் விளையாட்டுக் கூடமாகவும் வண்டி நிறுத்தமாகவும் இருக்கின்றன. தேவைப்பட்டால் 72 மணி நேரத்துக்குள் காலிசெய்து தயார் செய்தாக வேண்டும்.

மாஸ்கோவோடு பேச்சும் நிற்கவில்லை. நேட்டோவில் சேரவில்லை, சேரும் வாய்ப்பையும் கைவிடவில்லை. 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைனுக்குள் புகுந்ததும் அந்த வாய்ப்பை எடுத்துப் பயன்படுத்தினார்கள். மே 17-ல் நாடாளுமன்றத்தில் 188-க்கு 8 என்று முடிவு. 2023 ஏப்ரல் 4-ல் உறுப்பினர். ஸ்வீடன் 2024 மார்ச்சில் சேர்ந்தது.

எப்படி ஒப்பிடுவது?

ராணுவச் செலவு எத்தனை சதவீதம், தூதரகங்கள் எத்தனை என்ற பட்டியலில் இந்த விஷயம் பிடிபடாது. தன் பலம், எதிராளியின் பலம், துணையின் பலம் ஆகிய மூன்றையும் அந்த நாடு எந்த ஆண்டில் எவ்வளவு சரியாக எடை போட்டது என்று பார்க்கச் சொல்வேன். 1939-ல் எஸ்தோனியா முதலிரண்டையும் சரியாக எடைபோட்டு, எதிராளி எதில் நிறுத்துவான் என்பதில் ஏமாந்தது. ஃபின்லாந்து மூன்றிலும் தவறியது, போர் தொடங்கியபின் மூன்றையும் திருத்திக்கொண்டது. 2010-ல் ஸ்வீடன் எதிராளியைக் குறைத்து எடைபோட்டது.

அதைவிட முக்கியமாக நான் பார்ப்பது, கிடங்கின் கணக்கு தெரிந்தவர் பேச்சுவார்த்தை முடிவாகும் அறையில் இருந்தாரா, அவர் சொன்னது காதில் ஏறியதா என்பதை. 1939 அக்டோபரில் மான்னர்ஹைம் அந்த அறையில் இருந்தார், காதில் ஏறவில்லை. 1940 மார்ச்சிலும் 1944 ஆகஸ்டிலும் ஏறியது. ஃபின்லாந்து இதை 1961-லேயே ஒரு ஏற்பாடாக மாற்றியது. எம்.பி.க்கள், அதிகாரிகள், தொழிலதிபர்கள், பத்திரிகையாளர்கள், தொழிற்சங்கத்தார் எல்லாரையும் ராணுவத்தாரோடு ஒரே வகுப்பில் உட்காரவைக்கும் தேசியப் பாதுகாப்புப் பயிற்சி அந்த ஆண்டு தொடங்கியது, இன்றும் நடக்கிறது. சீருடை வாங்கப் பணம் மறுத்த ஒரு மந்திரிசபையின் அனுபவம் அந்த வகுப்புக்குப் பின்னால் இருக்கிறது.

இப்போது தராசு மறுபக்கம் சாய்ந்திருக்கிறது. ரஷ்யாவோடு 1,340 கிலோமீட்டர் எல்லை. 2023 கடைசியில் எல்லைச் சாவடிகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. சுமார் 200 கிலோமீட்டருக்கு வேலி கட்டும் வேலை 2023-ல் தொடங்கியது. 64 எஃப்-35 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தாகிவிட்டது. துணை வலுவாக இருக்கிறது, கிடங்கு 1939-ஐப் போல இல்லை. உக்ரைனில் நடந்ததைப் பார்த்தபின் ஃபின்லாந்து மக்கள் எடுத்த முடிவை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் வூலியோக்கியைப் போல மறுபக்கம் போய்ப் பேசக்கூடிய ஒருவர், அவரை உட்காரவைத்துக் கேட்க கொலோண்டாயைப் போல ஒருவர் இன்று அந்த எல்லையின் இரு பக்கமும் இருக்கிறார்களா என்று யாராவது தேடிப் பார்க்க வேண்டும். 1940 ஜனவரியில் அப்படி இரண்டு பேர் இருந்ததால்தான் மார்ச்சில் போர் நின்றது.